இட்லித் தட்டை அடுக்கத் தெரிந்தவர்

டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலை 31இல் வெளியிட்ட ‘வெண்பா’ கேமில், ஆடுபவர் செய்யும் வேலை சமையல். 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின் மூவரின் கதை அது. வெண்பாவின் அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு நைந்து, சில இடங்கள் அழிந்துபோயிருக்கும். விடுபட்டதை நாம்தான் ஊகித்துச் செய்ய வேண்டும். முதலில் வருவது இட்லி. தட்டுகளை மாற்றி மாற்றித் திருப்பி அடுக்கினால்தான் ஆவி மேலேறும், இட்லியும் நசுங்காது. சிறு கேம்களை மதிப்பிடுவது பற்றி நான் சொல்ல விரும்புவது முழுதும் இந்த ஒரு காட்சியில் இருக்கிறது. ஆயிரம் கேம் ஆடிய பழக்கத்தைவிட, அந்தக் கேம் எடுத்துக்கொண்ட வேலையைத் தெரிந்திருப்பதே விமர்சகருக்கு முதல் தகுதி. பெரிய கேமில் படத்தின் அழகு, சண்டை, நிலைகள் என்று பேச எவ்வளவோ உண்டு. சிறு கேம் பெரும்பாலும் ஒரே கைவேலையை நம்பி நிற்கும். இட்லித் தட்டை அடுக்கியறியாதவர் இதை எளிய புதிர் என்று எழுதிவிட்டுப் போவார். அடுக்கத் தெரிந்தவருக்கு, எந்தக் குறிப்பேட்டிலும் யாரும் எழுதி வைக்காத ஒன்றைப் புதிராக்கியிருப்பது புரியும். பிள்ளைகள் வேற்றூரில் வளரும்போது முதலில் தொலைவதும் அதுதான்.

நம்முடையது என்பதால் பாராட்டிவிடுவோமே என்று கேட்கலாம். அந்த ஆபத்து உண்மைதான். ஆனால் வேலை தெரிந்தவருக்குத்தான் குறையும் கண்ணில் படும். ‘வெண்பா’ 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக கேம் விருது பெற்றது. அப்படியிருந்தும் அதில் எனக்கு ஒரு குறை உண்டு: தவறாகச் சமைத்தால் மறுபடி தொடங்கலாம், எதுவும் வீணாகாது. இழப்பைப் பற்றிய கதையில் அடுப்படியில் மட்டும் இழப்பே இல்லை. மாவு புளித்துக் கெட்ட வீட்டின் முகத்தைப் பார்த்தவருக்கு அது உறுத்தும்.

ஒன்றரை மணி நேரத்தில் முடிவதற்கு இவ்வளவு பணமா என்பது அடுத்த கேள்வி. கணக்குப் பார்த்துச் செலவிடும் வீடுகளில் அது நியாயமான கேள்வி. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், கணினி கேம் விற்கும் ஸ்டீம் தளம் பணத்தைத் திருப்பித் தருகிறது. அதாவது இதை முழுதும் ஆடி முடித்தபின்கூடப் பணத்தைக் கேட்டு வாங்கிவிடலாம். ஆகவே ஆடும் நேரத்தை விமர்சனத்தின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள், வாங்குவதா என்பதை வாசகர் முடிவு செய்யட்டும். மதிப்பெண்ணை மட்டும் நேரத்தை வைத்துக் குறைக்காதீர்கள்.

சிறு கேம்களைத் தேடும்போதும் தெரிந்த வேலைதான் வழி. 100 அமெரிக்க டாலர் கட்டினால் யாரும் ஸ்டீமில் கேம் வைக்கலாம். ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் வந்து குவிகின்றன. வகையின் பெயரை விட்டுவிட்டு, நீங்கள் அறிந்த வேலையின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்: சமையல், மீன்பிடி, தையல், கடை. ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் நாட்களில் இலவச மாதிரிகள் கிடைக்கும். இட்ச் தளத்தில் பல கேம்களுக்கு விரும்பியதைக் கொடுத்தால் போதும். மாதிரியை இரண்டு முறை ஆடுங்கள். இரண்டாம் முறை வேண்டுமென்றே தப்பாகச் செய்யுங்கள். செய்தவர் எவ்வளவு யோசித்திருக்கிறார் என்பது தப்புக்குக் கிடைக்கும் பதிலில் தெரியும். பாவம், இரண்டு மூன்று பேர் செய்தது என்று இரங்கிக் குறையை விழுங்குவதும் கூடாது. ஸ்டீமில் பத்து விமர்சனம் சேரும்வரை மொத்த மதிப்பீடே தோன்றாது. அந்தப் பத்தில் ஒன்று எழுதுபவரின் சொல் கனமானது.

கேமாக்கத்தக்க கைவேலை நம் பக்கத்திலும் உண்டு. மலேசியாவின் கோலா கங்சாரில், 1877இல் நட்ட கன்றுகளில் ஒன்று என்று காட்டப்படும் ரப்பர் மரம் இன்னும் நிற்கிறது. தோட்டத்துக் காலை ஆள்கணக்கான பிரட்டுக்கு விடியுமுன் எழுந்து, மரம் சீவி, பால் பிடிக்கும் மங்கு துடைத்து, ஒட்டுப்பால் சேர்த்த பாட்டிகள் இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் புண்ணாகும், மழை பிடித்தால் அன்றைய பால் போச்சு. கேமுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. யாராவது அதைச் செய்து கொண்டுவந்தால், முதல் மாதிரியை அந்தப் பாட்டிகளிடம் கொடுங்கள். வெட்டு இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகச் சரிகிறதா என்றுதான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள்.