வீட்டிலிருந்தபடியே கணக்கெடுப்பு: கேட்பதும் ஒரு தொழில்தான்

"வீட்டில் இருந்து போன் பேசுறதுக்கு யார் காக்கா சம்பளம் தாராங்க?" என்று எமது வியாபாரிகள் பலர் என்னிடம் கேட்பதுண்டு. சந்தை ஆய்வு நிறுவனமொன்றுக்காக வீட்டிலிருந்தே தொலைபேசி நேர்காணல் செய்பவன் நான். இந்தத் தொழில் எவ்வாறு நடக்கிறது என்பதை அறிந்திருப்பது, ஆய்வொன்றுக்குப் பணம் செலவிட நினைக்கும் வியாபாரிக்கும், பிள்ளையை இவ்வேலையில் சேர்க்க எண்ணும் தகப்பனுக்கும் பயன்தரும்.

முன்னர் இவ்வேலை வீடு வீடாகச் சென்று படிவம் நிரப்புவதாகவே பெரும்பாலும் இருந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்குச் சட்டம் வந்தபோது வீதியில் இறங்க முடியாமற்போய், வேலை தொலைபேசிக்கு மாறியது. ஒரு கணினி, இணைய இணைப்பு, ஹெட்போன், சத்தமில்லாத ஓர் அறை, இவையே மூலதனம். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்த நாட்களில் பெட்டரியையும் இதில் சேர்க்க வேண்டியதாயிற்று.

திரையில் கேள்வி வரும். எழுதியுள்ளதை எழுதியுள்ளபடியே வாசிக்க வேண்டும். "இந்தச் சவர்க்காரம் நல்லதுதானே?" என்று கேட்டால் யாரும் "ஓம்" என்றே சொல்வார்கள், அந்த "ஓம்" ஒரு சதத்துக்கும் பெறுமதியற்றது. அவருக்குக் கேள்வி விளங்காவிட்டால் மீண்டும் வாசிக்கலாம், எமது சொந்த விளக்கத்தைச் சேர்க்கக் கூடாது. பேசிப் பேசியே பொருளை விற்றுப் பழகிய எம்மவர்களுக்கு இங்குதான் கஷ்டம். வாடிக்கையாளர் யோசிக்கும்போது வியாபாரியின் வாய் சும்மா இருக்காது. இந்தத் தொழிலில் அந்த மௌனத்தைக் காப்பதற்குத்தான் சம்பளம்.

அழைப்புகளில் பெரும்பகுதி வீண். சிலர் எடுப்பதில்லை, சிலர் ரீலோட் கம்பனி என நினைத்துத் துண்டிப்பார்கள், சிலர் ஏசுவார்கள். எடுக்காத இலக்கத்தை அப்படியே விட்டுவிடவும் முடியாது. வேறு நாளில், வேறு நேரத்தில் மீண்டும் எடுக்க வேண்டும். காலை பத்து மணிக்கு போனை எடுப்பவர்களில் வீட்டிலிருப்போரே அதிகம். கடைக்காரர், கடலுக்குப் போனவர், தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர் அப்போது கிடைக்கமாட்டார். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் எமது ஊர்களுக்கு எடுப்பதும் வீண்தான். இலகுவில் கிடைத்தவர்களை மட்டும் எழுதினால், ஆய்வும் அவர்களைப் பற்றியதாகவே முடியும்.

1936இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற சஞ்சிகை, ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் சுமார் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்பியது. 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. லாண்டன் வெல்வார் என்று அது அறிவித்தது. ஆனால் 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் வென்றார். பெயர்கள் பெரும்பாலும் தொலைபேசி விபரக்கொத்திலிருந்தும் கார்ப் பதிவுகளிலிருந்தும் எடுக்கப்பட்டிருந்தன. பொருளாதார மந்த காலத்தில் அவை வசதியானவர்களின் பட்டியல். தவிர, சீட்டை நிரப்பி அனுப்பியவர்கள் அனுப்பாதவர்களைப் போன்றவர்களும் அல்லர். அதைவிட மிகச் சிறிய தொகையினரிடம் கேட்ட கெலப், ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சரியாகச் சொன்னார். சீட்டு மாற்றமின்றித் தெரிவு செய்த 400 பேரிடம் கேட்டால் விடை ஏறத்தாழ 5 வீதம் கூடிக் குறையலாம், 1000 பேரென்றால் 3 வீதம். தெரிவு பிழைத்தால் இலட்சம் பேரிடம் கேட்டும் பயனில்லை.

தனது புடவைக் கடைக்கு வருவோரில் முப்பது பேரிடம் "விலை எப்படி?" என்று கேட்டுத் திருப்திப்படும் முதலாளியும் லிட்டரரி டைஜஸ்டின் வழியில்தான் போகிறார். விலை கூடிவிட்டதென்று வராமல் நின்றவர்கள் அந்த முப்பது பேரில் இல்லையே! பழைய பற்றுப் புத்தகத்தில் உள்ள, ஆறு மாதமாக வராதவர்களுக்கு போன் எடுத்துக் கேட்பது நல்லது. அதையும் கடை முதலாளி கேட்கக்கூடாது. முகத்துக்கு நேரே குறை சொல்ல எமது மக்கள் வெட்கப்படுவார்கள். "வாங்குவீர்களா?" என்று கேட்பதைவிட "கடந்த மாதம் எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டால் உண்மை வரும்.

சம்பள விடயத்துக்கு வருவோம். சில நிறுவனங்கள் மணித்தியாலத்துக்குக் கொடுக்கும், சில முடித்த நேர்காணலுக்கு மட்டும் கொடுக்கும். முதலாவது இஜாராவை ஒத்தது. இரண்டாவது, எமது ஷாஃபிஈ மத்ஹபில் பேசப்படும் ஜுஆலாவுக்குக் கிட்டியது: வேலை முடிந்தால்தான் கூலி, ஆனால் கூலித் தொகை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஐம்பது அழைப்பு எடுத்தும் ஒன்றும் முடியாத நாளில் கையில் எதுவும் வராது. தானே விடையைப் போட்டுப் படிவத்தை நிரப்பும் ஆசை அந்த நேரத்தில்தான் வரும். ஒலிப்பதிவு, பேசிய நிமிடக் கணக்கு, மேற்பார்வையாளர் மீண்டும் அழைத்து விசாரிப்பது ஆகியவற்றால் பல பொய்கள் பிடிபடும், எல்லாம் அல்ல. அந்தப் பொய் இலக்கத்தை நம்பி ஒருவர் நகையை அடகு வைத்து இரண்டாவது கடையைத் திறக்கலாம். ஆகவே ஆய்வு செய்விப்பவர் "எத்தனை பேரிடம் கேட்டீர்கள்?" என்பதோடு நிற்காமல், "எத்தனை பேர் மறுத்தார்கள்? எத்தனை நேர்காணலை மீளச் சரிபார்த்தீர்கள்? ஆட்களுக்கு எப்படிக் கூலி கொடுக்கிறீர்கள்?" என்றும் கேட்க வேண்டும். பதில் தடுமாறினால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வேலை தேடுவோருக்கு ஒன்று. ஒப்பந்த அடிப்படையில் சேருவோருக்கு முதலாளி செலுத்தும் 12 வீத ஊழியர் சேமலாப நிதியும் 3 வீத நம்பிக்கை நிதியும் பெரும்பாலும் கிடைப்பதில்லை; கூலியைப் பேசும்போது அதையும் கணக்கில் எடுக்கவேண்டும். வட்ஸ்அப்பில் "சர்வே வேலை, முதலில் இவ்வளவு பணம் வைப்பிலிடுங்கள்" என்று வருபவை மோசடி. உண்மையான ஆய்வு நிறுவனம் கூலி கொடுக்குமேயன்றி வேலை தருவதற்குக் காசு கேட்காது.