கடைசிப் பெயர்ப் பெட்டியில் ஒரு புள்ளி

கண்டி கொழும்பு வீதியில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடை. அங்குள்ள கணினியில் வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்தால் முதல் பெயருக்குப் பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளி நிற்கும். அடுத்த பெயருக்குப் பக்கத்திலும் ஒன்று. கீழே போகப் போகப் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் வரும். ‘கடைசிப் பெயர்’ எழுதாத எந்தப் பதிவையும் அந்த மென்பொருள் ஏற்காது. தமிழ் வாடிக்கையாளருக்கோ தகப்பன் பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும்தான் உண்டு. காசு மேசையில் இருந்த பிள்ளை ஒரு புள்ளியைத் தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கவனித்திருக்கிறார். அவர் மீது பிழை இல்லை, வரிசை நீண்டிருந்தது.

சிங்கள வாடிக்கையாளர்களிடம் வேறொரு சிக்கல். ரத்நாயக்க முதியன்சேலாகே, ஹேரத் முதியன்சேலாகே என்று நீளும் குடும்பப் பெயர்கள் ஆர்.எம்., எச்.எம். என்று சுருங்கி, கடைசியில் ‘பண்டார’ என்று முடியும். கண்டிப் பக்கத்தில் பண்டாரக்கள் எத்தனை பேர் என்று சொல்லத் தேவையில்லை. முஸ்லிம் பெயர்களில் முஹம்மத் ஒரு நாள் மொஹமட் ஆகும், மறுநாள் எம். என்ற ஒற்றை எழுத்தாகும். இப்படியே இரண்டு ஆண்டு ஓடியதில் அக்குறணை வாடிக்கையாளர் ஒருவர் பட்டியலில் மூன்று ஆட்களாகிவிட்டார். இரண்டு பண்டாரக்கள் ஒரே ஆளாகி, ஒருவரின் கடன் மற்றவரின் பேரில் ஏறியது.

அந்த மென்பொருளை வாங்கச் சொன்னவர் முதலாளியின் மகன். கொழும்பில் படித்துவிட்டு வந்தவர். நண்பர் வேலை பார்க்கும் பெரிய கம்பனியில் அதுதான் ஓடுகிறது என்றார், தகப்பன் காசைக் கட்டினார். அயல்வீட்டுப் பிள்ளை கணிதப் பிரிவில் சேர்ந்தான் என்பதற்காகத் தன் பிள்ளையையும் உயர்தரத்தில் அங்கேயே தள்ளிவிடும் வீடுகளில் நடப்பதும் இதுதான். யாருக்கு எது வரும் என்ற கேள்வி அங்கேயும் கேட்கப்படுவதில்லை.

வாடிக்கையாளர் உறவு முகாமைத்துவ மென்பொருள் என்ற நீண்ட பெயரை வியாபாரிகள் சி.ஆர்.எம். என்றே சொல்கிறார்கள். யார் எப்போது கேட்டார், என்ன விலை சொன்னோம், என்ன வாக்குக் கொடுத்தோம், அடுத்து எப்போது அழைக்க வேண்டும் என்ற நான்கையும் ஒரே இடத்தில் வைப்பதுதான் அதன் வேலை. பழைய கடைகளில் இதைக் கணக்குப்பிள்ளையின் தலையும் கடன் கொப்பியும் சேர்ந்து செய்தன. இன்று கைக்கெட்டும் வழிகள் எல்லாருக்கும் தெரிந்தவையே: கொப்பி, எக்செல், வட்ஸ்அப் பிஸ்னஸ், மாதக் கட்டணத்துக்குக் கிடைக்கும் சிறிய இணைய மென்பொருள், திறந்த மூல மென்பொருள், கடைசியாக உலகப் பெயர் பெற்ற பெரிய தொகுப்பு. முதல் ஐந்தில் எதைத் தேர்ந்து தவறினாலும் ஒரு மாதத்தில் திரும்பிவிடலாம். ஆறாவதில் தவறினால் திரும்பி வருவது கடினம். ஆகவே அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

பெரிய தொகுப்புகள் மோசமான பொருட்கள் அல்ல. 1999இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ், மென்பொருளைப் பெட்டியில் வாங்கி நிறுவும் காலத்தையே மாற்றியது. அதற்கு முன் இத்துறையில் கோலோச்சிய சீபெல் நிறுவனத்தை வாங்க ஆரக்கிள் 2005இல் 585 கோடி டொலர் பேசியது. ஆயிரம் விற்பனையாளர்கள் உள்ள வங்கிக்கோ தொலைபேசிக் கம்பனிக்கோ இத்தகைய பொருள் வேண்டும். நான்கு விற்பனையாளர்களும் ஒரு லொறியும் உள்ள கடைக்கு அதே பொருளை விற்கும்போதுதான் கேடு தொடங்குகிறது. திரையில் நாற்பது பெட்டிகள் தெரியும். முப்பத்தைந்து வெறுமையாக நிற்கும். வெறும் பெட்டிகளைப் பார்த்துப் பார்த்து ஊழியர் மீதி ஐந்தையும் நிரப்பாமல் விட்டுவிடுவார்.

பெரிய இடத்திலேயே இது எப்படிப் போகும் என்பதற்குப் பிரித்தானியாவில் ஒரு வழக்கு இருக்கிறது. பிஸ்கைபி தொலைக்காட்சி நிறுவனம் தன் வாடிக்கையாளர் சேவை நிலையங்களுக்குப் புதிய சி.ஆர்.எம். அமைப்பை உருவாக்கும் பணியை 2000ஆம் ஆண்டில் ஈடிஎஸ் நிறுவனத்திடம் கொடுத்தது. சுமார் 4 கோடி 80 இலட்சம் பவுண் வேலை, ஒன்பது மாதத்தில் இயங்கத் தொடங்கும் என்பது பேச்சு. 2002இல் பிஸ்கைபி வேலையைத் தானே கையில் எடுத்து, 2006இல்தான் முடித்தது. செலவு ஏறத்தாழ 26 கோடி 50 இலட்சம் பவுணுக்கு ஏறியிருந்தது. வழக்கு நீதிமன்றம் போனது. ஈடிஎஸ் தரப்பின் முக்கிய சாட்சி தமக்கு கொன்கோர்டியா கல்லூரியின் எம்.பி.ஏ. பட்டம் உண்டு என்றார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதே கல்லூரியிடமிருந்து லுலு என்ற நாயின் பெயருக்கு இணையம் வழியாக அதே பட்டத்தை வாங்கிவந்து நீதிமன்றத்தில் காட்டினார். நாயின் புள்ளிகள் சாட்சியின் புள்ளிகளைவிட அதிகமாக இருந்தன. எவ்வளவு காலம் எடுக்கும் என்பதை முறையாகக் கணக்கிடாமலே வாக்குக் கொடுத்து ஏமாற்றினார்கள் என்று 2010 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு ஜூனில் 31 கோடி 80 இலட்சம் பவுணுக்கு வழக்கு தீர்க்கப்பட்டது.

அமெரிக்காவில் ஏடி அண்ட் டி வயர்லெஸ் நிறுவனம் 2003 நவம்பரில் தன் சீபெல் அமைப்பை மேம்படுத்தப் போய், புதிய வாடிக்கையாளர்களின் கணக்குகளைத் திறக்க முடியாமல் வாரக்கணக்கில் தவித்தது. எண்ணை மாற்றாமலே வேறு கம்பனிக்குப் போகலாம் என்ற புதிய விதி அங்கே நடைமுறைக்கு வந்ததும் அதே மாதம் 24ஆம் திகதிதான். வாடிக்கையாளர் வெளியேறக் கதவு திறந்த வேளையில், உள்ளே சேர்க்கும் கதவு பூட்டிக் கிடந்தது.

வழக்கறிஞர் படையும் கோடிக்கணக்கான காசும் உள்ளவர்களுக்கே இந்த நிலை. யட்டிநுவர வீதிக் கடைக்காரர் விற்பனைப் பிரதிநிதியின் பேச்சை எதை வைத்துச் சோதிப்பார்?

காசுக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஆளுக்கு மாதம் 25 டொலர் என்று வைத்தால் ஐந்து பேருக்கு 125 டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவை ஒட்டி நின்றது, ஆகவே மாதச் செலவு 25,000 ரூபா. மே மாதம் டொலர் 360 ரூபா அளவுக்குப் போனபோது அதே சேவைக்கு 45,000 ரூபா. கடையின் வருமானம் ரூபாவில், அதுவும் சுருங்கிய ரூபாவில். அந்த மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரமும் இல்லை. இதை எழுதுபவர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு கண்டியில் ஒரு விநியோக நிறுவனத்தில் விற்பனைப் பதிவுகளைப் பார்த்தவர். அங்கே ஆறு வாரத்தில் எல்லாம் முடியும் என்று சொல்லிப் பெரிய தொகுப்பொன்றைப் பொருத்த வந்தவர்கள் பதினான்கு மாதம் வந்துபோனார்கள். ஒப்பந்தத்தை நிறுத்தியபோது வாடிக்கையாளர் பட்டியல் கையில் கிடைத்தது, ஆனால் ஐந்து விற்பனையாளர்கள் எழுதிய அழைப்புக் குறிப்புகள் கிடைக்கவில்லை. பெரிய பெயர்களைப் பற்றி இங்கே கடுமை தெரிந்தால், அதில் அந்தப் பதினான்கு மாதத்தின் பங்கும் இருக்கிறது.

அப்படியானால் கொப்பியே போதுமா? பழைய கணக்குப்பிள்ளைகளோடு வேலை செய்த எவருக்கும் அப்படிச் சொல்லத்தான் ஆசை வரும். கண்டியின் அண்மைக்கால வரலாறு அதற்கு இடம் கொடுக்கவில்லை. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பக்கங்களில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. கடை எரியும்போது கடன் கொப்பியும் எரிகிறது, யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி இல்லாமல் போகிறது. வட்ஸ்அப்பை மட்டும் நம்பியிருந்தால் தப்பியிருக்கலாம் என்றும் சொல்ல முடியாது. அரசு மார்ச் 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை நாடு முழுவதும் முடக்கியது. ஒரு வாரம் அளவுக்கு அவை திறக்கவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகும், 2022 ஏப்ரலிலும் அதே முடக்கம் திரும்ப வந்தது.

வட்ஸ்அப் பிஸ்னஸ் 2018 ஜனவரியில் வெளியான செயலி. இலவசம், எல்லாருக்கும் பழக்கமானது, ஆட்களை ‘புதியவர்’, ‘பணம் பாக்கி’ என்று பிரித்து அடையாளமிடலாம். பத்து அறை உள்ள விருந்தினர் இல்லத்துக்கு அதோடு ஒரு எக்செல் பட்டியல் இருந்தாலே தாராளம். எசல பெரஹராவுக்கு வந்து தங்கியவர் யார், எந்த அறை, மாடிப்படி ஏற முடியாத தாயார் கூட வந்தாரா என்று மூன்று வரி எழுதிவைத்தவர், அடுத்த ஆண்டு பெப்ரவரியிலேயே அவருக்குச் செய்தி அனுப்பலாம். ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது, கடையின் எண்ணைத் தம் தொலைபேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். விற்பனையாளரின் சொந்த சிம்மில் ஒருபோதும் தொடங்கக் கூடாது. அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் வாடிக்கையாளர்களும் அவர் சட்டைப்பையில் ஏறிப் போய்விடுவார்கள்.

தெல்தோட்டை, கலஹா, புசல்லாவை வழிகளில் சரக்கு போடும் மொத்த விற்பனையாளருக்கு இது போதாது. நான்கு விற்பனையாளர்கள் நான்கு வழியில் போகிறார்கள், முதலாளி கடையில் இருக்கிறார். இங்கேதான் சிறிய இணைய மென்பொருள் பயன் தரும். ஸ்ரீதர் வேம்புவும் நண்பர்களும் 1996இல் தொடங்கிய நிறுவனம் 2005இல் சோஹோ சி.ஆர்.எம்.மை வெளியிட்டது. மூன்று பேர் வரை இலவசமாகப் பயன்படுத்தலாம். தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறைக் கிராமத்தில் அலுவலகம் வைத்து மென்பொருள் எழுதுபவர்கள் அவர்கள். சென்னையில் 2010இல் பிறந்த ஃபிரஷ்வொர்க்ஸ், அமெரிக்காவின் ஹப்ஸ்பொட் ஆகியவையும் இதே வரிசையில் வரும். தமிழ்நாட்டுப் பொருள் என்பதால் சோஹோ மீது இங்கே கொஞ்சம் பாசம் கூடத்தான் இருக்கும். இருந்தாலும் ‘கடைசிப் பெயர்’ கட்டாயம் என்ற தொல்லை அதிலும் உண்டு. முழுப் பெயரையும் அந்த ஒரே பெட்டியில் எழுதிவிட்டு முதற் பெயர்ப் பெட்டியை வெறுமையாக விட்டால் புள்ளி தேவைப்படாது.

திறந்த மூல வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுகர்சிஆர்எம் தன் இலவசப் பதிப்பை 2014இல் நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டே அதிலிருந்து பிரிந்த சூட்சிஆர்எம் இன்றும் ஓடுகிறது. கணினி தெரிந்த ஒருவர் கடையிலேயே நிரந்தரமாக இருந்தால் நல்ல வழி. மருமகன் ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்வார் என்றால் வேண்டாம், அவருக்கு வேலை கிடைத்துவிடும்.

எதை எடுத்தாலும் பெயரைத் திறவுகோலாக வைக்காமல் தொலைபேசி எண்ணை வைக்க வேண்டும். ஒருவர் 077 என்று தொடங்கி எழுதுவார், மற்றவர் 94 77 என்று எழுதுவார், மென்பொருளுக்கு அவை இரண்டு ஆட்கள். எல்லா எண்ணும் 94 என்றே தொடங்கும் என்று முதல் நாளே முடிவு செய்தால் பண்டாரக்கள் கலக்க மாட்டார்கள். மலைப்பாதையில் சமிக்ஞை அறுந்துபோகும் இடங்களில் கைத்தொலைபேசிச் செயலி பதிவை வைத்திருந்து பிறகு அனுப்புகிறதா என்பதைக் கடைக்குள் உட்கார்ந்து பார்க்க முடியாது. லொறியில் ஒரு நாள் போய்த்தான் பார்க்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் விளம்பரச் செய்தி அனுப்ப வாடிக்கையாளரின் சம்மதத்தைக் கேட்கிறது. ஆகவே ‘சம்மதம் தந்த திகதி’ என்று ஒரு பெட்டியைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்வது நல்லது.

பெட்டிகள் ஏழுக்கு மேல் வேண்டாம். அவற்றை நிரப்பும் பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் பெரும்பாலான முதலாளிகள் சறுக்குகிறார்கள். கணினி வகுப்புச் சான்றிதழ் உள்ளவரைத் தேடுகிறார்கள். வாடிக்கையாளர் உள்ளே வரும்போதே அவர் மகளின் கல்யாணம் முடிந்ததா என்று கேட்கத் தெரிந்தவர் காசு மேசையிலேயே இருப்பார். அந்த ஆர்வத்தை எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுக்க முடியாது, விசைப்பலகையை ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அவருக்கு மூன்று மாதம் அவகாசம் தர வேண்டும். முதல் மாதம் விற்பனை ஒரு ரூபாவும் அதிகரிக்காது. இரண்டாம் மாதம் எழுதுவது வீண் வேலை என்று விற்பனையாளர்கள் முணுமுணுப்பார்கள். அப்போது முதலாளியே ஒவ்வொரு திங்கள் காலையும் கால் மணி நேரம் அந்தத் திரையைத் திறந்து, ‘நாவலப்பிட்டிக் கடைக்காரருக்குப் புதன் அழைப்பதாகச் சொன்னோமே, அழைத்தோமா?’ என்று கேட்க வேண்டும். முதலாளி கேட்காத எதையும் கடையில் யாரும் எழுதமாட்டார்கள்.

சோதனைக் காலம் இரண்டு வாரம் கிடைத்தால் முதல் நாள் இருபது உண்மையான வாடிக்கையாளர்களை ஏற்றி, கடைசி நாள் அந்த இருபது பேரையும் அவர்களைப் பற்றிய குறிப்புகளோடு வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். குறிப்புகள் வராத பொருளை வாங்கக் கூடாது. அந்தப் பதினான்கு மாதத்துக்கு முன் இதைச் செய்யத் தெரிந்திருந்தால் ஐந்து விற்பனையாளர்களின் உழைப்பு மிஞ்சியிருக்கும். கட்டுகஸ்தோட்டையில் ஒரு பாத்திரக் கடைக்காரர் ஒவ்வொரு மாதக் கடைசிச் சனிக்கிழமையும் தன் பட்டியலைக் குறிப்புகளோடு ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போகிறார். கடையில் வைப்பதில்லை. வீட்டில், காணி உறுதிகள் இருக்கும் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறார்.