எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் மக்கர் செய்கிறதா?

கல்யாண வீடியோ, குழந்தை முதல்முதலாய் நடந்த படம், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் காப்பி, மறைந்துபோன பாட்டியின் குரல் எல்லாம் இன்று பல வீடுகளில் பீரோவுக்குள் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியில் கிடக்கின்றன. ஒருநாள் கம்ப்யூட்டரில் செருகினால் 'டிஸ்க் எர்ரர்' என்று வந்து நிற்கும். புது டிஸ்க் கடையில் கிடைக்கும்; பாட்டியின் குரலை எந்தக் கடையில் வாங்குவது? அதனால் உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வைக்கும்வரை டிஸ்க்கைச் சரிசெய்யும் வேலையில் இறங்காதீர்கள். கீழே உள்ள குறிப்புகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. 'இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்று விண்டோஸ் சொன்னால், யோசிக்காமல் 'கேன்சல்' அழுத்துங்கள். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை கெட்டிருக்கிறது, விண்டோஸால் அதைப் படிக்க முடியவில்லை என்பதுதான் பெரும்பாலும் இதற்குப் பொருள். ஃபைல்கள் அப்படியே இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 'இனிஷியலைஸ்' செய்யவா என்று கேட்டாலும் வேண்டாம். ஆப்பிள் மேக்கில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கை விண்டோஸில் செருகினாலும் இதே கேள்வி வரும். அப்போது டிஸ்க்கில் பழுதே இருக்காது. வேறு யாராவது கொடுத்த டிஸ்க் என்றால், எந்தக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினார்கள் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

2. அடுத்தபடியாகக் காதைக் கொடுங்கள். நல்ல டிஸ்க் செருகியதும் மெல்லிய சுழலும் ஓசையோடு எழுந்து, அப்படியே சீராக ஓடும். 'டிக்... டிக்... டிக்...' என்று ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தால், படிக்கும் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது. சன்னமான பீப் ஒலி வந்தால் மோட்டார் சுழல முடியாமல் திணறுகிறது. கரண்ட் போதாவிட்டாலும் இந்தச் சத்தங்கள் வரும் என்பதால், வேறு கேபிளில் ஒரே ஒரு முறை போட்டுப் பாருங்கள். அதே சத்தம் தொடர்ந்தால் உடனே பிடுங்கிவிடுங்கள். டிஸ்க் கீழே விழுந்த பிறகு வரும் சத்தம் என்றால் அந்த ஒரு முறையும் வேண்டாம். இந்த டிஸ்க்குகளின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழல்கிறது. ஹெட் அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. வளைந்துபோன ஹெட்டுடன் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் படங்கள் பதிந்திருக்கும் பூச்சையே சுரண்டக்கூடும்.

3. சத்தம் சரியாக இருந்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். வீட்டில் வரும் டிஸ்க் தகராறுகளில் பாதிக்கு மேல் இங்கேயே முடிந்துவிடும் என்பது என் நம்பிக்கை. டிஸ்க் பக்கம் செருகும் அந்த அகலமான தட்டை முனை, இரண்டு பகுதி ஒட்டியதுபோல் இருக்கும். மொபைல் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்: பின் வளைந்திருக்கிறதா, தூசி அடைந்திருக்கிறதா, செருகிய பிறகு ஆடுகிறதா? லைட் எரிவதை வைத்து கேபிள் நல்லது என்று முடிவுகட்டாதீர்கள். கரண்ட் போகும் கம்பி வேறு, டேட்டா போகும் கம்பி வேறு. புது மாடலில் டைப்-சி முனை இருந்தால், மொபைல் சார்ஜருடன் வந்த கேபிளை மாட்டிச் சோதிக்க வேண்டாம். அவற்றில் சில டேட்டாவைச் சரியாகக் கொண்டுபோகாது.

4. யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 0.5 ஆம்பியர், 3.0 போர்ட் தருவது 0.9 ஆம்பியர். சுழலத் தொடங்கும் அந்த நொடியில் சில டிஸ்க்குகள் 1 ஆம்பியர் வரை கேட்கும். ஆகவே ஹப்பில் செருகாதீர்கள். சிபியு பெட்டியின் முன்பக்கப் போர்ட்டைவிடப் பின்பக்கப் போர்ட் நல்லது. லேப்டாப் என்றால் சார்ஜரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

5. தனி அடாப்டருடன் வரும் பெரிய டிஸ்க்குகளுக்குப் பெரும்பாலும் 12 வோல்ட் தேவை. அடாப்டர் போய்விட்டால், பின் பொருந்துகிறதே என்று வீட்டில் கிடக்கும் வேறொன்றை மாட்டாதீர்கள். லேப்டாப் சார்ஜர் பலவும் 19 வோல்ட்; மாட்டினால் போர்டு கருகிவிடும். வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது, பிளஸ் மைனஸ் படமும் ஒத்துப்போக வேண்டும்.

6. இன்னொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். 'திஸ் பிசி'யில் தெரியாவிட்டால், ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறங்கள். 1 டிபி டிஸ்க் ஏறக்குறைய 931 ஜிபி என்று காட்டினால் பயப்படாதீர்கள், அதுதான் சரியான கணக்கு. டிரைவ் எழுத்து மட்டும் இல்லாமல் இருந்தால் அங்கேயே ஒன்றைக் கொடுக்கலாம், ஃபைல்கள் திரும்பிவிடும். அளவையே காட்டாமல் 'நோ மீடியா' என்று வந்தால் பழுது டிஸ்க்குக்கு உள்ளேயோ அதன் போர்டிலோ இருக்கிறது.

7. ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளைப் போட்டால் அந்தக் குறிப்பு முழுவதும் தெரியும். நீலம் என்றால் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து. நிறத்தோடு நின்றுவிடாமல் மூன்று வரிகளைத் தேடிப் பாருங்கள்.

05 என்ற வரி, கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களின், அதாவது டேட்டா பதியும் சிறு பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பில் இருக்கும் செக்டர்கள். சி6 என்பது சோதித்துப் பார்த்தும் படிக்க முடியாதவை. மூன்றும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. எண் இருந்தால் குறித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து அது கூடியிருந்தால் டிஸ்க்கின் காலம் முடிகிறது. எண்கள் எழுத்தும் இலக்கமும் கலந்து புரியாதபடி தெரிந்தால், மெனுவில் 'ரா வேல்யூஸ்' என்ற இடத்தில் 10 என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், வழக்கமான எண்ணாகிவிடும்.

நீலம் காட்டுகிறது என்று அசட்டையாக இருக்கவும் கூடாது. கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பழுதானவற்றில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் எதையும் காட்டாமலேயே போயின. மறுபக்கம், முதல் ஸ்கேன் எர்ரர் வந்த டிஸ்க் அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு, அந்த எர்ரர் வராத டிஸ்க்கைவிட 39 மடங்கு. எச்சரிக்கை வந்துவிட்டால் அன்றைக்கே காப்பி எடுங்கள்.

8. காப்பி எடுப்பதற்கும் முறை உண்டு. மொத்த டிஸ்க்கையும் இழுத்துப் போடாதீர்கள். நடுவில் ஒரு ஃபைல் மாட்டிக்கொண்டால் எல்லாமே நின்றுவிடும். திரும்பக் கிடைக்காதவை முதலில்: குடும்பப் படங்கள், குரல் பதிவுகள், ஆவணங்கள். சினிமாவும் பாட்டும் கடைசியில், அல்லது வேண்டவே வேண்டாம். ஃபோல்டரைத் திறக்கும் முன் 'வியூ' மெனுவில் 'லிஸ்ட்' வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஐகானாக வைத்தால் ஒவ்வொரு படத்தின் சின்ன உருவத்தையும் காட்டுவதற்காக விண்டோஸ் எல்லா ஃபைலையும் தொட்டுப் படிக்கும். தளர்ந்த டிஸ்க்குக்கு அது வீண் சுமை. ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓட ஆரம்பித்தாலும் நிறுத்திவிடுங்கள். ஒரு ஃபைல் நகர மறுத்தால் 'ஸ்கிப்' கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். டிஸ்க் சூடானால் மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள்.

9. செக்டர்கள் நிறையக் கெட்டிருந்தால் விண்டோஸ் தொங்கிவிடும். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், பென்டிரைவில் உபுண்டு போட்டு 'ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ' என்ற இலவசக் கருவியை ஓட்டச் சொல்லுங்கள். இதன் வேலைமுறை எனக்கு மிகவும் பிடித்தது. முதல் சுற்றில் சிரமமில்லாமல் கிடைப்பதை எல்லாம் அள்ளிக்கொள்ளும். கெட்ட இடம் வந்தால் தாண்டிப் போகும். பிறகுதான் விட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாக முயலும். எதுவரை முடிந்தது என்று ஒரு மேப் ஃபைலில் எழுதி வைப்பதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். காப்பி இறங்கும் டிஸ்க், பழையதின் அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எது பழையது, எது புதியது என்பதை இரண்டு தடவை சரிபார்த்த பிறகே ஓட்டுங்கள். மாற்றிக் கொடுத்துவிட்டால் காலி டிஸ்க் நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும்.

10. காப்பி கையில் வந்த பிறகு 'செக் டிஸ்க்' ஓட்டலாம். டிரைவின் மேல் ரைட் கிளிக், 'ப்ராப்பர்டீஸ்', 'டூல்ஸ்', 'செக்'. கேபிளைச் சட்டென்று உருவியதால் குழம்பிய அட்டவணையை இது அழகாகச் சரிசெய்துவிடும். இவ்வளவு நல்ல கருவியை ஏன் பின்னுக்குத் தள்ளுகிறேன் என்றால், சரிசெய்யும்போது அது அந்த டிஸ்க்கிலேயே எழுதுகிறது. பொருந்தாத துண்டுகளை 'ஃபவுண்ட்' என்ற ஒளிந்த ஃபோல்டரில் பெயர் இல்லாத ஃபைல்களாகப் போட்டுவிடும். கெட்ட செக்டர்களையும் தேடச் சொன்னால் 1 டிபி டிஸ்க்குக்குப் பல மணி நேரம் ஆகும். சாகக் கிடக்கும் டிஸ்க் அந்த ஓட்டத்திலேயே போய்விடலாம்.

11. ஃபோல்டர்கள் எல்லாம் திடீரென்று ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் அது வைரஸ் வேலை. பிரவுசிங் சென்டரிலோ ஜெராக்ஸ் கடையிலோ டிஸ்க்கைச் செருகியிருப்பீர்கள். அந்த ஷார்ட்கட்டுகளைக் கிளிக் செய்யாதீர்கள். உங்கள் ஃபோல்டர்கள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். முதலில் ஆன்டிவைரஸ் ஓட்டிச் சுத்தம் செய்துவிட்டு, ஒளிந்த ஃபைல்களைக் காட்டும்படி மாற்றினால் தெரியும். இனி கடைக்கு பென்டிரைவ் மட்டும் போகட்டும்.

12. தவறி ஃபார்மேட் செய்துவிட்டாலோ, அழித்துவிட்டாலோ, அந்த டிஸ்க்கில் அதன்பின் ஒரு ஃபைல்கூட ஏற்றாதீர்கள். காணாமல்போன பார்ட்டிஷனை 'டெஸ்ட்டிஸ்க்' தேடித் தரும். 'ஃபோட்டோரெக்' படங்களையும் வீடியோக்களையும் மீட்கும். பழைய பெயரும் ஃபோல்டரும் திரும்பாது. இந்த இரண்டு மென்பொருளும் இலவசம். மீட்பதை வேறு டிஸ்க்கில்தான் இறக்க வேண்டும். விண்டோஸ் விஸ்டா முதல் முழு ஃபார்மேட் செய்தால் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதப்படுகிறது. அதற்குப் பிறகு மீட்க ஒன்றும் இருக்காது. குவிக் ஃபார்மேட் என்றால் நம்பிக்கை உண்டு.

13. நீண்ட நேரம் எழுதும்போது வேகம் தடாலென்று விழுவதெல்லாம் பழுது ஆகாது. இன்றைய கையடக்க டிஸ்க்குகள் பலவற்றில் தடங்கள் கூரை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியபடி எழுதப்படுகின்றன. மாற்றி எழுத நேரம் பிடிக்கும். ஸ்மார்ட் எண்கள் பூஜ்யமாக இருந்தால் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள்.

14. செட்-டாப் பாக்ஸில் ரெக்கார்டிங் செய்யக் குடும்பப் படங்கள் உள்ள டிஸ்க்கை மாட்டாதீர்கள். பல பெட்டிகள் முதலில் டிஸ்க்கை ஃபார்மேட் செய்யக் கேட்கும். ரிமோட்டை வைத்திருக்கும் குழந்தை 'ஓகே' அழுத்திவிடும்.

15. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று சொல்வதைக் கேட்காதீர்கள். வெளியே எடுத்ததும் ஈரம் படியும், தட்டில் படிந்த ஈரம் ஹெட்டைக் கெடுக்கும். தட்டுவதும் குலுக்குவதும் அப்படித்தான். டிஸ்க்கின் மூடியை வீட்டில் திறந்தால் காற்றில் உள்ள தூசியே போதும், கதை முடிந்துவிடும். வெளி உறையை மட்டும் கழற்றி உள்ளே இருப்பதை நேராகக் கம்ப்யூட்டரில் இணைக்கலாமா என்றால், எல்லாவற்றிலும் முடியாது. சில மாடல்களில் யுஎஸ்பி முனை டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் போர்டில் உள்ள சிப் டேட்டாவைப் பூட்டுச் சங்கேதமாக எழுதியிருக்கும், அந்தச் சிப் இல்லாமல் படிக்க முடியாது.

16. மீட்பு நிலையத்துக்குப் போவதென்றால் கேட்க வேண்டியவை: தூசியற்ற அறை அவர்களிடமே இருக்கிறதா, இல்லை வேறு ஊருக்கு அனுப்புவார்களா? பார்த்துச் சொல்லவே கட்டணமா? டேட்டா கிடைக்காவிட்டால் எவ்வளவு? பணம் கட்டும் முன் மீட்ட ஃபைல்களின் பட்டியலைக் காட்டுவார்களா? எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 'பார்க்கிறோம் சார், வைத்துவிட்டுப் போங்கள்' என்பவரிடம் வைத்துவிட்டு வராதீர்கள். வாரன்டி இருக்கிறதே என்று நினைத்தால், அது புது டிஸ்க்குக்குத்தான். பழையதையும் அதிலிருக்கும் படங்களையும் பொதுவாகத் திருப்பித் தர மாட்டார்கள்.

17. ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை நகர்த்தாதீர்கள். 'எஜெக்ட்' கொடுத்து, சுழற்சி நின்ற பிறகு கையில் எடுங்கள். 2018-ல் வந்த விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பிலிருந்து 'குவிக் ரிமூவல்' இயல்பாகவே அமைந்திருந்தாலும், எழுதும் நடுவில் உருவினால் எதுவும் காப்பாற்றாது. டிஸ்க் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருந்தால் கூடுதல் கவனம் தேவை. என்டிஎஃப்எஸ் என்ற இன்னொரு முறை தன் மாற்றங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போகும். எக்ஸ்ஃபேட்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

18. மழைக்காலத்தில் டிஸ்க்கைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஓட்டி, அந்த மூன்று ஸ்மார்ட் எண்களையும் பாருங்கள். முக்கியமானவை மூன்று பிரதிகளாக இருக்கட்டும்: ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று டிஸ்க்கில், ஒன்று வீட்டுக்கு வெளியே, அண்ணன் வீட்டிலோ கிளவுடிலோ.

19. காப்பி எடுத்து முடித்த பழைய டிஸ்க்கை முழு ஃபார்மேட் செய்து பாருங்கள். சி5 பூஜ்யமாகி 05-ம் கூடாமல் நின்றால், சினிமா பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். எண் ஏறிக்கொண்டே போனால் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும் முன் டிஸ்க்கின் குறுக்கே டிரில்லால் இரண்டு மூன்று ஓட்டை போடுங்கள். பத்திரமும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் அதில் இருந்திருக்கும். தட்டுகளில் சில கண்ணாடியால் ஆனவை, சில்லு தெறிக்கும். கண்ணாடி அணிந்து, டிஸ்க்கைக் கனமான துணியால் மூடிக்கொண்டு போடுங்கள்.