தேர்தல் செலவும் நமது சாட்சியமும்



சில ஆண்டுகளுக்கு முன், தேர்தல் காலத்து மாலைப் பொழுதொன்றில், பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவர் அறைவீட்டுக்கு வந்தார். தமது ஒழுங்கையில் ஒரு வேட்பாளரின் ஆட்கள் வீடு வீடாக உலர் உணவுப் பொதிகளை இறக்கிச் சென்றதைச் சொல்லி, "சுவாமி, இதை எங்கே எழுதிக் கொடுக்கிறது?" என்று கேட்டார். "கோயிலை இதற்குள் இழுக்க வேண்டாம்" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

அவர் கோயிலை இழுக்க வரவில்லை. ஒரு முகவரியைத்தான் கேட்டு வந்தார். குருக்கள் கட்சி அரசியலில் ஈடுபடலாகாது என்னும் திருச்சபைச் சட்டத்தின் பின்னால் அன்று நான் என் சோம்பலை மறைத்துக் கொண்டேன். அவருக்குக் கொடுக்காத பதிலை இன்று எல்லாக் குடும்பங்களுக்குமாக எழுதுகிறேன்.

சட்டம் சொல்வது என்ன?

நம் நாட்டில் பழைய தொகுதி முறைத் தேர்தல்கள் நடைபெற்ற காலத்தில், வேட்பாளர் செலவிடக்கூடிய தொகைக்கு ஓர் எல்லை இருந்தது. தேர்தல் முடிந்தபின் கணக்கும் காட்ட வேண்டியிருந்தது. விகிதாசார முறைக்கென 1981ஆம் ஆண்டில் புதிய தேர்தல் சட்டம் வந்தபோது அந்த எல்லை இல்லாமற் போயிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, பணமுள்ளவர் எவ்வளவும் கொட்டலாம் என்னும் நிலை நீடித்தது.

2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம் இந்த நிலையை மாற்றியது. அதன்படி தேர்தல் ஆணைக்குழு ஒவ்வொரு தேர்தலுக்கும் செலவு எல்லையைத் தீர்மானித்து வர்த்தமானியில் வெளியிடுகிறது. 2024ஆம் ஆண்டு சனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என்று எல்லை குறிக்கப்பட்டது. வாக்காளர் தொகை 1 கோடியே 71 இலட்சத்து 40 ஆயிரத்து 354 ஆகையால், ஒரு வேட்பாளருக்கான உச்சத் தொகை 186 கோடியே 82 இலட்சத்து 98 ஆயிரத்து 586 ரூபா ஆயிற்று. எல்லை என்றாலும் சிறிய எல்லையன்று!

அத்துடன், வேட்பாளர்களும் கட்சிச் செயலாளர்களும் சுயேச்சைக் குழுத் தலைவர்களும், முடிவு வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள் தமது வரவு செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். பணமாக வந்ததை மட்டுமன்றி, பொருளாகவும் சேவையாகவும் வந்த உதவியையும் அதிலே காட்ட வேண்டும். அரச திணைக்களங்கள், கூட்டுத்தாபனங்கள், உள்ளூராட்சி சபைகள், வெளிநாட்டு அரசுகள், வெளிநாட்டுக் கம்பனிகள் ஆகியவற்றிடமிருந்தும், இன்னாரென்று அறிய முடியாதவர்களிடமிருந்தும் நன்கொடை பெறலாகாது.

அன்று அந்த மனிதர் கண்ட உணவுப் பொதி இதற்கும் முந்திய சட்டங்களுக்கு உட்பட்டது. வாக்கைப் பெறும் நோக்குடன் பொருள் கொடுப்பது தேர்தல் இலஞ்சம். நெடுங்காலமாகவே அது குற்றம். ஆனால் அந்தப் பொதிகளை வாங்கிய பணமும், ஏற்றி வந்த வாகனத்தின் கூலியும் இன்று கணக்கிலே வர வேண்டியவை. ஒரே செயலில் இரண்டு கேள்விகள் எழுகின்றன என்பதைக் கவனியுங்கள்.

எந்த மரத்தின் கீழ்?

தானியேல் ஆகமத்தின் 13ஆம் அதிகாரத்தில் சூசன்னாவின் வரலாறு உண்டு. மக்களுக்கு நீதிபதிகளாயிருந்த முதியவர் இருவர் அவள்மீது பொய்க்குற்றம் சுமத்தினர். பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காகவே கூட்டம் அதை நம்பியது. இளைஞனாகிய தானியேல் அவர்களைத் தனித்தனியே நிறுத்தி, "எந்த மரத்தின் கீழ் கண்டாய்?" என்று கேட்டான். ஒருவன் ஒரு மரத்தைச் சொன்னான். மற்றவன் வேறொரு மரத்தைச் சொன்னான். பொய் அங்கே விழுந்தது.

முறைப்பாடு எழுதுபவருக்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை. "அவர்கள் பணத்தை அள்ளி வீசுகிறார்கள்" என்பது ஊர்க்கதை. எந்த நாள், எத்தனை மணி, எந்த ஒழுங்கை, எந்த வாகனம், எத்தனை பொதி என்று எழுதினால் அது சாட்சியம். போதிய ஆதாரமின்றிப் பிறரைக் குற்றவாளியென்று மனத்தில் தீர்ப்பதும் பாவமே என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2477ஆம் எண்ணில் போதிக்கிறது. ஆகவே பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கும் கட்டளை முறைப்பாட்டைத் தடுக்கவில்லை. அதை எப்படி எழுத வேண்டும் என்று நமக்குக் கற்பிக்கிறது.

எழுதும் முறை

முதலாவது, கண்ணால் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் பிரித்து எழுதுங்கள். கேட்டதானால், யாரிடம் கேட்டீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள்.

இரண்டாவது, தடயத்தைக் காப்பாற்றுங்கள். துண்டுப்பிரசுரத்தில் அச்சிட்டவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவே ஒரு குறை. படம் எடுத்தால் இடமும் நேரமும் தெரியும்படி எடுங்கள். முகநூலில் காசு கொடுத்துப் போடப்படும் அரசியல் விளம்பரங்களை அந்த நிறுவனத்தின் விளம்பர நூலகத்தில் எவரும் பார்க்கலாம். வீட்டிலுள்ள இளைஞர்கள் அதைத் தேடித் தருவார்கள்.

மூன்றாவது, தொகை தெரியாவிட்டால் தொகை எழுத வேண்டாம். மேடை எவ்வளவு நீளம், ஒலிபெருக்கிகள் எத்தனை, மக்களை ஏற்றி வந்த பஸ்கள் எத்தனை என்று எழுதினாற் போதும். பெருக்கிக் கணக்கிடுவது விசாரிப்பவரின் வேலை.

நான்காவது, கடிதத்தின் பிரதியொன்றை வைத்துக் கொள்ளுங்கள். கையில் கொடுத்தால், பெற்றுக் கொண்டதற்குக் கையொப்பம் கேளுங்கள். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

எங்கே கொடுப்பது?

உங்கள் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் கொடுக்கலாம். இராஜகிரியவிலுள்ள தேர்தல் ஆணைக்குழுவுக்கும் அனுப்பலாம். தேர்தல் காலத்தில் ஆணைக்குழு முறைப்பாட்டு நிலையங்களையும் நடத்துகிறது. இலஞ்சம் போன்ற குற்றமானால் பொலிஸ் நிலையத்திலும் முறையிடலாம்.

தேர்தல் முடிந்ததும் கடமை முடிந்துவிடுவதில்லை. ஒப்படைக்கப்பட்ட கணக்கைப் பொதுமக்கள் பார்வையிட இடமுண்டு. ஒரு வேட்பாளரின் முழுச் செலவையும் ஒரு குடிமகன் அறிய முடியாது. ஆனால் தன் ஊர் மைதானத்தில் நடந்த பெருங்கூட்டம் அந்தக் கணக்கிலே இருக்கிறதா என்பதை அறிய, கொழும்பிலுள்ள அதிகாரியைவிட அந்த ஊர்க்காரரே தகுதியுள்ளவர். அந்த மரத்தைக் கண்டவர் அவரல்லவா!

பயமும் பலனும்

"பெயர் போட்டால் நாளை என்ன நடக்குமோ?" என்று கேட்பீர்கள். நம் மண்ணில் இது வெறும் கோழைத்தனத்தின் கேள்வியன்று. பெயரில்லாக் கடிதத்தைப் பற்றி மேலும் கேட்டறிய ஆளில்லாதபடியால் அதற்கு வலுக்குறைவு. தனியே நிற்க அஞ்சுவோர், கண்ட நாலைந்து பேராகச் சேர்ந்து கையொப்பமிடலாம். பெப்ரல் போன்ற தேர்தல் கண்காணிப்பு அமைப்புகளிடமும் விபரத்தைக் கொடுக்கலாம்.

பலன் உடனே வரும் என்று நான் வாக்களிக்க மாட்டேன். ஆணைக்குழு தானே தண்டனை விதிப்பதில்லை. விடயம் பொலிஸ், சட்டமா அதிபர், நீதிமன்றம் என்று நடக்க வேண்டும். அந்த நடை மெதுவானது. ஆனால் எழுத்தில் இல்லாத ஒன்றை எந்த நீதிபதியும் விசாரிக்க முடியாது. அநீதியுள்ள நடுவனிடம் திரும்பத் திரும்பச் சென்ற விதவையை ஆண்டவர் நமக்கு முன்மாதிரியாக வைத்தார் அல்லவா?

நம் வீட்டுக் கணக்கு

இறுதியாக இரண்டு காரியங்கள். நாம் விரும்பும் கட்சி இதையே செய்திருந்தாலும் இந்தக் கடிதத்தை எழுதுவேனா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்க வேண்டும். இல்லையென்றால் அது நீதியன்று, போட்டி.

மற்றையது கோயிலைப் பற்றியது. தேர்தல் நெருங்கும்போது திருவிழாவுக்கு ஒலிபெருக்கியும் சிற்றாலயத்துக்குக் கூரைத் தகடும் தர மனம் வருவோர் உண்டு. பங்குச் சபையினர் அதை வாங்கிக்கொண்டு, வீட்டில் அரிசிப் பொதி வாங்கிய ஏழையைக் குறைகூற முடியாது. இலஞ்சம் கண்தெளிந்தவனையும் குருடாக்கும் என்று யாத்திராகமம் எச்சரிக்கும்போது, கோயிற் கதவுக்கு அது விலக்கு அளிக்கவில்லை.

அன்று வந்த அந்தச் சகோதரர் இதை வாசித்தால், என்னை மன்னித்துக் கொள்வாராக. முகவரி மேலே இருக்கிறது.

குடும்பமாகச் சிந்திக்க:

1. கடந்த தேர்தலில் நம் ஊரில் கண்ணால் கண்ட ஒரு செலவை, நாள், இடம், நேரத்துடன் சொல்ல முடியுமா?

2. வாங்கியதாலோ அஞ்சியதாலோ நாம் மௌனமாயிருந்தது உண்டா?

3. பிள்ளைகள் பொய் சொல்லக் கூடாது என்று கற்பிக்கும் நாம், உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவும் அவர்களுக்குக் கற்பிக்கிறோமா?