மட்கலத்தின் குணமறிந்து உபயோகித்தல்

விருத்தாசலம் வட்டத்தைச் சேர்ந்த கருவேப்பிலங்குறிச்சியிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் உள்ள குடியானவர் இல்லங்களில் சாதாரணமாக இரண்டு வகையான மண் கலங்களைக் காணலாம். ஒன்று, குயவர் வனைந்து சூளையிற் சுட்ட பானை, குடம், சட்டி முதலியன. மற்றொன்று, ஊறுகாயும் உப்பும் இட்டுவைக்கும் பீங்கான் சாடி. இவ்விரண்டும் மண்ணினால் ஆனவையே. ஆயினும் குணத்தில் ஒன்றுக்கொன்று எதிரிடையானவை. முன்னதன் சுவரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் நிறைந்திருக்கின்றன. பின்னதன் மேல் உருகிய கண்ணாடி போன்ற மெருகு படிந்து அத்துளைகளை அடைத்துவிடுகிறது. பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்ற விருத்தாசலத்துக்கு அருகிலுள்ள மக்களுக்கு இவ்வேற்றுமை புதிதன்று. எனினும், எந்தக் காரியத்துக்குத் துளையுள்ள கலம் வேண்டும், எதற்குத் துளையற்ற கலம் வேண்டும் என்பதை ஆராய்ந்து உபயோகிப்போர் சிலரே. இதை அறியாமையால் கோடையில் காய்கறி வாடுகிறது. மழைக்காலத்தில் விதை முளைப்புத்திறனை இழக்கிறது. புதிதாய் நட்ட கன்று பட்டுப்போகிறது. மிகுந்த செலவின்றி இந்நஷ்டங்களைத் தவிர்க்கும் முறைகள் கீழே விவரிக்கப்படுகின்றன.

1. கலத்தைச் சோதித்தல்

பானையை விரற்கணுவால் தட்டிப் பார்ப்பது பெண்டிர் யாவரும் அறிந்த வழக்கம். ‘கணீர்’ என்ற ஓசை எழுந்தால் விரிசல் இல்லை என்று அறியலாம். இச்சோதனை விரிசலைக் காட்டுமேயன்றித் துளையின் அளவைக் காட்டாது. அதற்குக் காய்ந்த பானையின் வெளிப்புறத்தில் ஒரு துளி ஜலம் விட்டுப் பார்க்கவேண்டும். துளி சீக்கிரம் உறிஞ்சப்பட்டால் பானை நன்கு கசியும் தன்மையது. துளி அப்படியே உருண்டு நின்றால் துளைகள் அடைபட்டவை. பானை நிறைய ஜலம் ஊற்றி நிழலில் வைத்து, மறுநாள் காலையில் வெளிப்புறம் சீராக வியர்த்திருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் நிச்சயமான முறையாகும். ஓரிடத்தில் மட்டும் ஜலம் சொட்டினால் அது கசிவன்று, விரிசல். வர்ணம் அடித்து விற்கப்படும் அழகுப் பானைகள் குளிர்ச்சிக்கும் பாசனத்துக்கும் பயன்படா.

2. காய்கறி வாடாமற் காத்தல்

பானை ஜலம் குளிர்வதற்குக் காரணம், அதன் ஒரு சிறு பகுதி சுவரின் வழியே கசிந்து ஆவியாகும்போது எஞ்சிய ஜலத்தின் உஷ்ணத்தைக் கவர்ந்துகொண்டு போவதேயாம். ஒரு லிட்டர் ஜலத்தை 30 டிகிரி செல்சியசிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி உஷ்ணம் போதும். அதே ஒரு லிட்டர் முழுவதும் ஆவியாவதற்கோ ஏறக்குறைய 580 கிலோகலோரி வேண்டும். சொற்ப ஜலம் ஆவியானாலும் குளிர்ச்சி மிகுவதன் இரகசியம் இதுவே.

இத்தத்துவத்தைக் கொண்டு காய்கறிப் பெட்டி ஒன்றை எவரும் செய்துகொள்ளலாம். ஒரு பெரிய பானைக்குள், சுற்றிலும் மூன்று விரற்கடை இடைவெளி இருக்கும்படி ஒரு சிறிய பானையை வைக்கவேண்டும். அடியிலும் இடைவெளியிலும், வீடு கட்டி மிஞ்சிய மணலைச் சலித்து நிரப்பி, மணல் நன்கு நனையும்படி ஜலம் விடவேண்டும். உட்பானையில் காய்களை இட்டு, நனைத்த கோணித்துண்டால் மூடி, செங்கற்களின் மீது, நிழலும் காற்றோட்டமும் உள்ள திண்ணையில் வைக்கவேண்டும். காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளையும் மணலுக்கு ஜலம் விடுதல் அவசியம். நைஜீரியா தேசத்தில் முகமது பா அப்பா என்னும் ஆசிரியர் 1990-களில் இவ்விதமான இரட்டைப் பானையை ஏழைக் குடியானவர்களிடையே பரப்பினார். காய்கறியை மிகுதியாகப் பயிரிடுவோர், புது டில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான குளிர் அறையைக் கட்டிக்கொள்ளலாம். அது செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, இடையே 7.5 சென்டிமீட்டர் அளவுக்கு மணல் நிரப்பி நனைத்து வைப்பதாகும். மின்சாரம் வேண்டுவதில்லை.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை மறத்தலாகாது. காற்று உலர்ந்திருந்தால்தான் ஜலம் ஆவியாகும். வெயில் 38 டிகிரியும் காற்றின் ஈரப்பதம் 40 சதவீதமும் உள்ள சித்திரை நண்பகலில், எவ்வளவு நல்ல பானையும் சுமார் 27 டிகிரிக்குக் கீழே குளிர்விக்க இயலாது. ஈரப்பதம் 80 சதவீதமாகவும் வெப்பம் 30 டிகிரியாகவும் உள்ள மழை நாளிலும் அதே 27 டிகிரிதான் எல்லை. அதாவது லாபம் மூன்று டிகிரியே. ஆகவே இப்பெட்டி மாசி முதல் ஆடி வரை உதவும். ஐப்பசி, கார்த்திகையில் உதவாது. கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், கீரை ஆகியவற்றுக்கு இது ஏற்றது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு ஆகியவற்றை இதில் வைத்தால் ஈரத்தால் முளைத்தோ அழுகியோ போகும். பால், இறைச்சி, சமைத்த உணவு, கால்நடைத் தடுப்பூசி மருந்து, இன்சுலின் ஆகியவற்றை இப்பெட்டியை நம்பி வைப்பது அபாயம். அவற்றுக்கு இக்குளிர்ச்சி போதாது.

பலனைச் சோதிக்க விரும்புவோர் ஒரே எடையுள்ள இரண்டு கீரைக்கட்டுகளை எடுத்து, ஒன்றைப் பெட்டியிலும் மற்றொன்றைக் கூடத்திலும் வைத்து மறுநாள் நிறுத்துப் பார்த்தால் போதும்.

3. விதையைக் காத்தல்

காய்கறிக்கு நன்மை செய்யும் அதே துளைகள் விதைக்குத் தீமை செய்கின்றன. நெல் அறுவடைக்குப் பின் விதைத்த உளுந்து பங்குனியில் வீடு வருகிறது. அதில் எடுத்துவைத்த விதை மறுபடி வயலுக்குப் போவது தை மாதத்தில். இடையே வடகிழக்குப் பருவமழை முழுவதையும் அது கடக்கவேண்டும். மெருகற்ற பானை மழைக்காலக் காற்றின் ஈரத்தை உள்ளே விடுகிறது. விதை அந்த ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சணம் பிடிக்கிறது, வண்டும் பெருகுகிறது. விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது விதை நூலறிஞர் ஹாரிங்டன் வகுத்த விதியாகும். ஈரம் 5 முதல் 14 சதவீதம் வரை உள்ள நிலையில் இது பொருந்தும்.

ஆகையால் விதைக்குப் பீங்கான் சாடியோ, இறுக மூடும் தகர டப்பாவோ உத்தமம். பானைதான் உண்டு என்றால், அதன் வெளிப்புறம் முழுவதும் எண்ணெய் வர்ணத்தை இரண்டு முறை பூசி, வாடை நீங்கும் வரை உலர்த்தி, உள்ளே கனத்த பாலித்தீன் பையை இட்டு, அதில் விதையை வைக்கலாம். வாய்விளிம்பு வரை நிரப்பவேண்டும். வெற்றிடம் குறைந்தால் வண்டு சுவாசிக்கக் காற்றும் குறையும். மூடியைச் சுற்றிக் களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூசி அடைக்கவேண்டும். சாடியானால் மெழுகை உருக்கி விளிம்பை அடைக்கலாம்.

இங்கே ஒரு பெரும் எச்சரிக்கை. ஈர விதையைக் காற்றுப் புகாத கலத்தில் அடைப்பது, அதைப் பானையில் திறந்துவைப்பதைக் காட்டிலும் கேடானது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி விதை அவிந்துபோகும். சாதாரணப் பையில் வைக்கும் விதைக்கு நெல்லானால் 13 சதவீதம், உளுந்தும் நிலக்கடலையுமானால் 9 சதவீதம் வரை ஈரம் இருக்கலாம் என்பது இந்திய விதைச் சான்றுத் தரம். காற்றுப் புகாத கலத்தில் வைப்பதற்கோ நெல்லும் உளுந்தும் 8 சதவீதம், நிலக்கடலை 5 சதவீதம் என்ற அளவுக்கு உலரவேண்டும். அந்த அளவுக்கு உலர்த்த இயலாதவர் இறுக அடைக்காமல், பையிலிட்டு உயரமான உலர்ந்த இடத்தில் வைத்து, அவ்வப்போது வெயில் காட்டி வருவதே நலம்.

ஈரத்தை வீட்டிலேயே உத்தேசமாக அறிய ஒரு வழி உண்டு. வறுத்து ஆறவைத்த உப்பை, உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றிலொரு பங்கு தானியத்தோடு சேர்த்து நன்கு குலுக்கிக் கால் மணி நேரம் வைக்கவேண்டும். உப்பு பாட்டிலின் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் உள்ளது என்பது பொருள். அவ்விதை எக்கலத்துக்கும் தகாது. ஒட்டாவிடில் முதற்படி கடந்தது என்று மட்டுமே கொள்ளவேண்டும். பின்னும் உலர்த்தி, கடித்தால் ‘டக்’கென்று ஒடியும் நிலை வந்தபின், மாதிரியை விதைப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பி ஈரத்தை அறிந்துகொள்வது உசிதம்.

விதையை உச்சி வெயிலில் காய வைக்கலாகாது. காலையிலும் பிற்பகலிலும் காயவைத்து, இரவு முழுவதும் நிழலில் ஆறவிட்ட பிறகே கலத்தில் இடவேண்டும். சூட்டோடு இட்டால் உள்ளே வியர்க்கும். உளுந்து, பயறு ஆகியவற்றுக்குக் கிலோ ஒன்றுக்கு 5 மில்லிலிட்டர் சமையல் எண்ணெயைத் தடவிப் புரட்டினால் வண்டு முட்டையிடுவதும் முட்டை பொரிப்பதும் குறையும். நிலக்கடலையைக் காயாகவே வைத்திருந்து, விதைக்கும் தறுவாயில் உடைத்துக்கொள்ளவேண்டும்.

4. கன்றுகளுக்கு ஜலம் ஊட்டுதல்

முந்திரி, மா, கொய்யா முதலிய கன்றுகளை நட்டவர்கள் முதல் இரண்டு கோடைகளைக் கடத்துவதே பெரும்பாடு. குடத்தால் ஊற்றும் ஜலத்தில் ஒரு பகுதி மேல்மண்ணிலேயே ஆவியாகிவிடுகிறது. இங்கே மறுபடியும் துளையுள்ள பானை உதவிக்கு வருகிறது. 5 முதல் 10 லிட்டர் கொள்ளும் பானையைக் கன்றிலிருந்து ஒரு முழத்துக்குக் குறைவான தூரத்தில், கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைத்து, ஜலம் நிரப்பி மூடவேண்டும். சுற்றுமண் காயும்போது அது பானையின் ஜலத்தை உறிஞ்சுகிறது. நனைந்திருக்கும்போது கசிவு தானே குறைகிறது. பயிர் கேட்கும்போது கொடுத்து, கேளாதபோது நிறுத்தும் வேலையாளுக்கு இதை ஒப்பிடலாம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய சீன வேளாண் நூல் ஒன்றிலேயே இம்முறை சொல்லப்பட்டிருக்கிறது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை நிரப்புவது என்பது மண்ணுக்கு மண் மாறுபடும். முதல் வாரத்தில் நாள்தோறும் ஒரு குச்சியை விட்டு ஜல மட்டத்தை அளந்து குறித்துக்கொண்டால் கணக்கு தெரிந்துவிடும். பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் நிரப்பி வருவது நன்று. கலங்கல் ஜலத்தைத் துணியால் வடிகட்டி ஊற்றவேண்டும். இல்லையேல் வண்டல் துளைகளை அடைத்துவிடும்.

5. கலத்தைப் பேணுதல்

ஆழ்துளைக் கிணற்று ஜலம் உப்பு மிகுந்ததானால் சில வாரங்களில் பானையின் வெளிப்புறம் வெள்ளை பூக்கும். அது துளைகளில் படிந்த உப்பு. தேங்காய் நாரால் தேய்த்து, நல்ல ஜலத்தில் ஒருநாள் ஊறவைத்தால் பானை மறுபடி கசியும். சோப்பும் எண்ணெயும் படலாகாது. திண்ணையில் இருப்பதாயினும் வயலில் புதைத்ததாயினும், ஜலமுள்ள பானையின் வாயை எப்போதும் மூடிவைக்கவேண்டும். திறந்த பானை டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவுக்குப் பிறப்பிடமாகும்.

பீங்கான் சாடி வாங்குவோர் அது உணவுக்கென்று செய்யப்பட்டதா என்று கேட்டறியவேண்டும். அலங்காரத்துக்கென்று செய்த சில கலங்களின் மெருகில் ஈயம் கலந்திருத்தல் உண்டு. புளி, எலுமிச்சை முதலிய புளிப்புப் பண்டங்கள் அவ்வீயத்தைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும். அத்தகைய கலங்களில் விதை வைக்கலாம், ஊறுகாய் வைக்கலாகாது.

6. கிராம அலுவலர்களின் கவனத்துக்கு

குயவருக்கு மண் கிடைத்தால்தான் குடியானவருக்குப் பானை கிடைக்கும். ஏரிகளிலிருந்து வண்டலும் களிமண்ணும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள, குடியானவர்க்கும் மட்பாண்டத் தொழிலாளர்க்கும் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வழங்க 2024-ஆம் ஆண்டில் தமிழக அரசு வழிசெய்தது. இவ்விவரத்தைத் தத்தம் கிராமத்துக் குயவருக்கு எடுத்துரைத்து, விண்ணப்பிக்க உதவுவது அலுவலர்களின் கடமையாகும். பாசனத்துக்கு வேண்டிய பானைகளை அளவாகச் சுட்டு, களிமண்ணோடு சலித்த உமி அல்லது மரத்தூள் சிறிது கலந்து வனைந்தால் கசிவு மிகும் என்பதையும் அவருக்குத் தெரிவிக்கலாம்.

சுருங்கச் சொன்னால், குளிர்விக்கவும் கன்றுக்கு ஜலம் ஊட்டவும் துளையுள்ள கலம்; விதைக்கும் ஊறுகாய்க்கும் துளையற்ற கலம். இவ்வொரு விதியை நினைவிற்கொண்டு, வரும் பங்குனியில் உளுந்து வீடு வரும்போது ஒரு சாடி விதையை நன்றாய் உலர்த்தி அடைத்து வைத்து, தை மாதத்தில் நூறு விதையை ஈரத்துணியில் முளைக்கவைத்து எண்ணிப் பார்ப்பாராயின், அந்த எண்ணிக்கையே ஒவ்வொரு குடியானவருக்கும் போதிய சாட்சியாக விளங்கும்.