முந்த முடியாத கார்கள்: ஸ்டாக் கார் பந்தயம் சலிப்பூட்டுகிறதா?

2024 மே 5ஆம் தேதி, அமெரிக்காவின் கான்சஸ் பந்தயத் தடத்தில் கைல் லார்சனும் கிரிஸ் பியூஷரும் பக்கம் பக்கமாக எல்லைக்கோட்டைக் கடந்தார்கள். லார்சன் வென்றார். வித்தியாசம் 0.001 வினாடி. கார்களின் வேகம் மணிக்கு 290 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதாவது வினாடிக்கு 80 மீட்டர் என்றால், அந்த வித்தியாசம் வெறும் 8 சென்டிமீட்டர்! உங்கள் உள்ளங்கையின் அகலம்தான்.

இப்படிப்பட்ட பந்தயத்தைப் பார்க்கும் ரசிகர்கள் மகிழ்ச்சியில் திளைப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? ஆனால் நாஸ்கார் எனப்படும் இந்த ஸ்டாக் கார் பந்தயத்தின் நெடுநாள் ரசிகர்கள் பலர் சில ஆண்டுகளாக ஒரே புகாரைச் சொல்லி வருகிறார்கள்: "பந்தயம் சலிப்பாகிவிட்டது. யாரும் யாரையும் முந்துவதில்லை." மற்றொரு தரப்பு இதை மறுக்கிறது. விளையாட்டுச் சண்டைபோல் தெரிந்தாலும், இதன் அடியில் இருப்பது உங்கள் பௌதிகப் பாடநூல்தான்.

முதலில் ஒரு சொல் விளக்கம். கடையில் விற்கும் சாதாரண காரைத்தான் 'ஸ்டாக் கார்' என்றார்கள். 1948இல் நாஸ்கார் அமைப்பு தொடங்கப்பட்ட காலத்தில் பந்தயத்தில் ஓடியவை ஏறக்குறைய அப்படிப்பட்ட கார்களே. இன்று பெயரும் தோற்றமும் மட்டுமே மிச்சம். நம் சாலைகளில் ஓடும் டொயோட்டா கேம்ரியின் முன்சக்கரங்களை எஞ்சின் இயக்குகிறது. நாஸ்காரில் ஓடும் 'கேம்ரி'க்கோ 8 சிலிண்டர் கொண்ட, ஏறத்தாழ 5.9 லிட்டர் எஞ்சின், சுழல்வது பின்சக்கரங்கள்.

அந்தக் காலம் அவ்வளவு விறுவிறுப்பா?

"எங்கள் காலத்துப் பந்தயம்போல் வருமா?" என்று பெரியவர்கள் சொல்வது எல்லா நாட்டிலும் உண்டு. சரி, சோதிப்போம். 1965இல் டார்லிங்டன் தடத்தில் நடந்த சதர்ன் 500 பந்தயத்தில் நெட் ஜாரெட் வென்றார். இரண்டாவது வந்தவரைவிட அவர் 14 சுற்றுகள் முன்னால் இருந்தார். அப்போது அந்தத் தடத்தின் ஒரு சுற்று சுமார் 2.2 கிலோமீட்டர். ஆக, இடைவெளி ஏறத்தாழ 31 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் போகும் தூரம்! இதை யாரும் விறுவிறுப்பு என்று சொல்லிவிட முடியாது. நல்ல பந்தயங்கள் மட்டும் மனத்தில் தங்கிவிடுகின்றன, மற்றவை மறந்துபோகின்றன.

ஆகவே பழைய காலம் பொற்காலம் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் முந்துவது கடினமாகிவிட்டது என்ற புகார் வேறு வகை. அதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது.

உதவும் காற்று, கெடுக்கும் காற்று

நெடுஞ்சாலையில் பெரிய லாரிக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் போனவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எதிர்க்காற்று திடீரென்று குறையும். கூடவே வண்டி இங்கும் அங்கும் ஆட்டம் காணும். (ஆபத்தான செயல், நீங்கள் செய்து பார்க்க வேண்டாம்.) அந்த இரண்டு அனுபவங்களிலும் இந்தச் சண்டை முழுவதும் அடங்கியிருக்கிறது.

வேகமாகச் செல்லும் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. அதன் பின்னால் அழுத்தம் குறைந்த, சுழல்கள் நிறைந்த ஒரு பகுதி உண்டாகிறது. காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். வேகம் 100இலிருந்து 300க்குப் போனால் தடை 9 மடங்காகும். ஆகவே முன்காரின் நிழலில் ஒளிந்துகொள்ளும் காருக்கு மிகப் பெரிய மிச்சம். 1960இல் டேடோனா 500 பந்தயத்தில் ஜூனியர் ஜான்சன், தம் காரைவிட வேகமான கார்களின் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓட்டியே வெற்றி பெற்றார். டேடோனா, டாலடேகா போன்ற பெருந்தடங்களில் இன்றும் கார்கள் ஒன்றையொன்று உரசுவதுபோல் கூட்டமாக ஓடுவது இதனால்தான். டாலடேகாவில் 2010இலும் 2011இலும் ஒரே பந்தயத்தில் 88 முறை முதலிடம் கைமாறியிருக்கிறது.

ஆனால் காற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. காரின் உடலமைப்பு, காற்றைக் கொண்டே காரைத் தரையோடு அழுத்துகிறது. அந்த அழுத்தும் விசைதான் வளைவில் டயருக்குப் பிடிப்பைக் கூட்டுகிறது. முன்காருக்குச் சீரான காற்று கிடைக்கும். பின்காருக்கோ ஏற்கெனவே கலங்கிப்போன காற்று. ரசிகர்கள் மொழியில் 'அழுக்குக் காற்று'. அதன் முன்பகுதியில் அழுத்தும் விசை குறைகிறது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் முன்சக்கரங்கள் வெளிப்புறமாக வழுக்கும். வேறு வழியின்றி வேகத்தைக் குறைக்கிறார்.

டேடோனாவில் வளைவுகள் 31 பாகை சாய்ந்திருப்பதால் அங்குப் பிடிப்பு பெரிய சிக்கலில்லை, காற்றுத்தடையே முக்கியம். எனவே பின்காருக்கு லாபம். சிறிய தடங்களிலோ வளைவுதான் எல்லாம். எனவே பின்காருக்கு நட்டம். ஒரே காற்று, ஓரிடத்தில் நண்பன், இன்னோரிடத்தில் எதிரி.

இதோடு சமத்துவமும் சேர்ந்துகொண்டது. 2022இல் அறிமுகமான புதிய தலைமுறைக் காரின் பல பாகங்களை எல்லாக் குழுக்களும் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து வாங்க வேண்டும். செலவைக் கட்டுப்படுத்தும் நல்ல நோக்கம்தான். ஆனால் ஒன்றை யோசியுங்கள்: முந்துவதற்கு வேக வித்தியாசம் வேண்டும். பின்காரால் ஒரு சுற்றை 0.1 வினாடி விரைவாக முடிக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வினாடி இடைவெளியை அது 10 சுற்றுகளில் குறைத்துவிடும். ஆனால் நெருங்கியதும் அழுக்குக் காற்று அதே 0.1 வினாடியைப் பறித்துக்கொண்டால்? பந்தயம் முடியும்வரை பின்னாலேயே போக வேண்டியதுதான்.

பெருந்தடங்களிலும் எதிர்பாராத ஒன்று நடந்தது. பழைய காரின் சக்கரத்தில் ஐந்து நட்டுகள். புதியதில் நடுவில் ஒன்றே ஒன்று. டயர் மாற்றுவது விரைவாகிவிட்டதால், நிறுத்தத்தில் அதிக நேரம் பிடிப்பது எரிபொருள் நிரப்புவதுதான். குறைவாக எரித்தவர் குறைவாக நிரப்பினால் போதும். விரைவில் வெளியேறி முன்னிடம் பிடிக்கலாம். விளைவு? உலகின் மிக வேகமான தடங்களில் ஒன்றில், ஓட்டுநர்கள் பெட்ரோலை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுகிறார்கள்! நட்டின் எண்ணிக்கையை மாற்றிய பொறியாளர்கள் இதை நினைத்துப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகமே.

பிரிஸ்டல் நடத்திய சோதனை

இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். டென்னசி மாநிலத்தில் உள்ள பிரிஸ்டல், சுற்றுக்கு 900 மீட்டர்கூட இல்லாத சிமெண்ட் தளத் தடம். 2024 மார்ச் மாதம் அங்கு நடந்த 500 சுற்றுப் பந்தயத்தில் டயர்கள் யாரும் எதிர்பாராத வேகத்தில் தேய்ந்தன. 50 சுற்றுகள் தாங்குவதே பெரும்பாடாயிற்று. டயரைக் காப்பாற்ற மெதுவாகப் போவதா, விரட்டிவிட்டுப் பிறகு தவிப்பதா? ஒவ்வோர் ஓட்டுநரும் ஒவ்வொரு விதமாக முடிவெடுத்தார். வேக வித்தியாசங்கள் பிறந்தன. 16 ஓட்டுநர்களிடையே முதலிடம் 54 முறை கைமாறியது; சிறிய தடங்களில் இது ஒரு சாதனை. டென்னி ஹாம்லின் வென்றார்.

அதே ஆண்டு செப்டம்பரில் அதே தடத்துக்கு, அதே வகை டயர்களோடு, அதே கார்கள் திரும்பி வந்தன. ரசிகர்கள் ஆவலோடு காத்திருந்தார்கள். ஆனால் டயர்கள் தேயவில்லை. கைல் லார்சன் 500 சுற்றுகளில் 462இல் முன்னிலை வகித்து வென்றார். மற்ற அனைவருக்கும் சேர்த்து 38 சுற்றுகள்தான் மிச்சம்.

எது மாறியது? பலரும் சுட்டிக்காட்டியது வெப்பநிலையை. தளம் சூடாக இருந்தால் டயரிலிருந்து உரியும் ரப்பர் தரையில் ஒட்டிப் படலமாகிறது. அடுத்து வரும் டயர்கள் அந்தப் படலத்தின்மேல் ஓடுவதால் தேய்வு குறைகிறது. குளிரில் அந்த ரப்பர் ஒட்டாமல் உருண்டைகளாகச் சிதறுகிறது. சொரசொரப்பான சிமெண்ட் டயரைத் தொடர்ந்து அரைக்கிறது. தடம் தூவப்படும் பொருள் முதல் வானிலைவரை எல்லாமே இதில் கைவைக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றுங்கள் என்று ஆசிரியர் ஏன் வற்புறுத்துகிறார் என்பது இப்போது புரிகிறதா? பந்தயத் தடத்தில் அந்த வசதி இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. பந்தயம் நன்றாக இருந்ததா என்று இணையத்தில் வாக்கெடுப்பு நடத்துவது வழக்கம். அதில் வாக்களிப்போர் தாமாக வந்தவர்கள். பெரும்பாலும் மிகவும் பிடித்தவர்கள் அல்லது மிகவும் கோபம் கொண்டவர்கள். பாதியில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனவர் வாக்களிக்க மாட்டார். சலிப்பைப் பற்றி உண்மையில் அவரிடம்தான் கேட்டிருக்க வேண்டும்!

இப்போது நாஸ்கார் இன்னொரு மாற்றத்தைச் செய்துள்ளது. 2026 பருவத்தில், 1.5 மைலுக்குக் குறைந்த தடங்களில் எஞ்சின் திறனை 670 குதிரைத்திறனிலிருந்து 750க்கு உயர்த்துகிறார்கள். இது 12 விழுக்காடு உயர்வு. நேர்ப்பாதையில் வேகம் கூடும், வளைவுக்கு முன் அதிகமாக பிரேக் பிடிக்க வேண்டும், வளைவிலிருந்து வெளியேறும்போது பின்சக்கரங்கள் வழுக்கும், டயர் தேயும். தவறு செய்ய வாய்ப்பு கூடும் இடத்தில் முந்தவும் வாய்ப்பு கூடும். இது ரசிகர்கள் நெடுநாள் கேட்டது. ஆனால் குதிரைத்திறனைக் கூட்டுவதால் முன்கார் விட்டுச்செல்லும் அழுக்குக் காற்று சுத்தமாகிவிடாது. அதனால் சிறிய தடங்களில் முதலிடம் கைமாறுவது ஓரளவு கூடும், 54ஐத் தொடாது என்பது என் கணிப்பு. உங்கள் கணிப்பை ஒரு தாளில் எழுதி வைத்து, பருவ முடிவில் எண்ணிப் பாருங்கள்.