ஊருக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு, தோட்டத்து ஒயர்மேன் எழுதுவது

பள்ளி விடுமுறை விட்டால் மலேசியாவின் ரந்தாவ், சிலியாவ் பக்கத் தோட்டங்களிலிருந்து திருச்சிக்கும் சென்னைக்கும் விமானம் ஏறுகிறவர்கள் நிறைய. “தாத்தா, நம்ம சார்ஜர் அங்கே சொருகுமா?” என்று யாராவது வந்து நிற்பார்கள். ஒயர்மேன் வேலை பார்த்தவனுக்கு ஓய்வு ஏது? முதல் தடவை போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

1. சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ‘இன்புட்’ என்ற இடத்தில் 100–240 வோல்ட் என்றிருந்தால் எந்த நாட்டு மின்சாரத்தையும் தாங்கும். கைப்பேசி, மடிக்கணினி சார்ஜர்கள் அநேகமாக இப்படித்தான்.

2. தமிழ்நாட்டிலும் நம்மைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். துளையின் வடிவம்தான் வேறு. வோல்டேஜை மாற்றும் கனத்த பெட்டியைக் கடைக்காரர் தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள். வெள்ளைக்காரன் 1947-இல் சதுரக்கால் பிளக்குக்குத் தரம் வகுத்தான். பின்னால் நாமும் அதற்கு மாறினோம். அதே ஆண்டு சுதந்திரம் வாங்கிய இந்தியா, அவனுடைய பழைய உருண்டைக்கால் பிளக்கிலேயே நின்றுவிட்டது. இங்கே சில வீடுகளில் ஏர்கோனுக்குப் பெரிய உருண்டைக்கால் பிளக் போட்டிருப்பார்களே, அதுவும் அந்த வகைதான்.

3. அடாப்டரை மூன்று உருண்டைக்கால் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். எல்லா நாட்டுக்கும் ஆகும் என்று விற்கிற பெட்டிகள் பலவற்றில் இரண்டு மெல்லிய கால்தான் இருக்கும், 4 மில்லிமீட்டர் கனம். இந்தியத் துளையோ 5 மில்லிமீட்டர் காலுக்கு வெட்டியது. தொளதொளவென்று ஆடும், பெட்டியின் கனத்துக்குத் தொங்கும். ஆடுகிற இடத்தில் பொறி பறந்து பிளாஸ்டிக் இளகும். ‘ஸ்ஸ்’ என்று சத்தம் கேட்டால் சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். மேலே தனியாக நிற்கும் தடித்த கால் எர்த். அது இல்லாமல் சார்ஜ் போட்ட உலோக மடிக்கணினியைப் புறங்கையால் தடவிப் பாருங்கள், எறும்பு ஊர்வதுபோல் சுர்ரென்றிருக்கும்.

4. இங்கே நம் சதுரத் துளையில், எர்த் துளைக்குள் பேனாவைக் குத்தி, இரண்டுகால் பிளக்கை அழுத்தி ஏற்றும் பழக்கம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. தீபாவளிக்கு ஊரிலிருந்து வாங்கிவந்த சீரியல் லைட்டையும் இப்படித்தான் சொருகுகிறார்கள். உள்ளே இருக்கும் மூடி சின்னப் பிள்ளைகளின் விரலுக்காக வைத்தது. அதை ஏமாற்றாதீர்கள். அங்கிருந்து மிக்சி தூக்கி வந்தால், சிரிம் முத்திரையுள்ள 13 ஆம்பியர் பிளக் வாங்கி ஒயர்மேனிடம் மாட்டிக்கொள்ளுங்கள்.

5. கெண்டியும் முடி உலர்த்தும் மிஷினும் வீட்டிலேயே இருக்கட்டும். 2000 வாட் கெண்டி ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அங்கே சின்னத் துளை 5, 6 ஆம்பியருக்குத்தான்.

6. பவர் பேங்க்கைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில்தான். 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருப்பது சுமார் 74 வாட்-மணி. 2025 ஜனவரியில் தென்கொரியாவில் ஏர் பூசான் விமானம் தரையில் நின்றபடியே எரிந்தது. சந்தேகம் பவர் பேங்க் மேல் விழுந்தது. அந்த ஏப்ரல் முதல் மலேசியா ஏர்லைன்ஸில் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவே கூடாது.

7. இரண்டு மீட்டர் கேபிள் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் வீடுகளில் சுவிட்ச் போர்டு பெரும்பாலும் கதவோரம், நெஞ்சு உயரத்தில் இருக்கும். குட்டைக் கேபிளில் கைப்பேசி அந்தரத்தில் ஆடும், போகிறவர் வருகிறவர் தோள் இடிக்கும்.

8. சிங்கப்பூருக்கு அடாப்டரே வேண்டாம். மேடானுக்கு இரண்டு உருண்டைக்கால். இலங்கையில் பழைய வீடென்றால் உருண்டைத் துளை, புதிய வீட்டில் நம்முடைய சதுரத் துளையே இருக்கும். ஜப்பான் மட்டும் வேறு கதை: 100 வோல்ட். அங்கே மலிவு என்று ஹேர் டிரையர் வாங்கிவந்து அடாப்டர் போட்டு இங்கே சொருகினால் புகைதான். அதற்குப் பிறகு என்னிடம் தூக்கி வராதீர்கள்.